கரைக்குப் பழகிய ஆள்

கம்போங் மேடான் பக்கத்து ஆற்றோரப் பறவைகளுக்கு மனிதரை நன்றாகத் தெரியும். பழைய கிள்ளான் சாலையின் லாரி இரைச்சல், நியூ பந்தாய் விரைவுச்சாலையின் ஓயாத ஓட்டம், போர்ட் கிள்ளானுக்குப் போகும் கேடிஎம் ரயில், அணைக்கரையில் புல் வெட்டும் இயந்திரம், மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வருபவரின் ஹாரன் எதற்கும் அவை தலை நிமிர்வதில்லை. ஆனால் கரையில் நடந்துகொண்டிருந்த ஒருவர் சட்டென்று நின்று, நேராகப் பார்த்து, கையிலிருப்பதை முகத்துக்கு உயர்த்தட்டும். அடுத்த நொடி அங்கே பறவை இருக்காது. நகரத்துப் பறவை மனிதருக்குப் பழகியது, அதைப் படமெடுப்பது சுலபம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அது பழகியிருப்பது கடந்து போகிற மனிதனுக்கு. நின்று பார்க்கிறவன் அதற்கு இன்னமும் வேட்டைக்காரன்.

மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகளை வைத்து பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தீனித் தட்டுக்கு அருகில் ஒரு மனிதர். அவர் முகம் திரும்பியிருக்கும் திசை மாறவில்லை. கண்கள் மட்டும் ஒருமுறை தட்டைப் பார்க்கின்றன, இன்னொரு முறை வேறு பக்கம் பார்க்கின்றன. கண் தட்டின்மேல் இருந்தபோது பறவைகள் வரத் தயங்கின, குறைவாகத் தின்றன. கருவிழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வரை அவற்றுக்குக் கணக்கு இருக்கிறது. எனக்கு இதை முதலில் சொன்னவர் எந்த ஆய்வாளரும் அல்லர், கரையில் கெலி மீனுக்குத் தூண்டில் போடும் ஒரு பெரியவர். நான் முக்காலியை விரித்துக்கொண்டு கானாங்கோழி இருந்த புதரையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஆத்தப் பாரு. கோழியப் பாக்காத. நீ பாக்கறது அதுக்குத் தெரியும்” என்றார். “அப்புறம் எப்படிண்ணே படம் எடுக்கிறது?” என்று கேட்டேன். “நான் மீனப் பாத்துக்கிட்டா மீன் பிடிக்கிறேன்?” என்றார். நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இந்த ஆற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. கோலாலம்பூரை மூழ்கடித்த 1971-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு வெள்ளத் தடுப்புக்காக அதன் நகரத்துப் பகுதிகள் அகலப்படுத்தப்பட்டு, நேராக்கப்பட்டு, பல இடங்களில் சிமெண்டுக் கரைக்குள் அடைக்கப்பட்டன. 2011-இல் தொடங்கிய ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டம் மேற்பகுதியைத் துப்புரவாக்க முயன்றது. கீழே கிள்ளானில், கடலுக்குப் போகும் குப்பையை அள்ள 2019-இல் ஒரு தானியங்கி மிதவையையே நிறுத்த வேண்டி வந்தது. பெட்டாலிங் ஜெயாவின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு புக்கிட் கியாராவிலிருந்து வரும் பெஞ்சாலா ஆறும் இதில்தான் கலக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் திலாப்பியா இருக்கிறது, கெலி இருக்கிறது, யாரோ மீன்தொட்டியிலிருந்து கொட்டிவிட்டுப் பெருகிப்போன ஈக்கான் பண்டாராயா இருக்கிறது. மீன் இருப்பதால் நாரை, வக்கா, தோசிக்கொக்கு, மூன்று நான்கு வகை மீன்கொத்தி, பியாவாக் என்னும் ஆள் நீள நீருடும்பு. கொடுத்துவைத்த காலைகளில் நீர்நாய். இவை மிச்சமிருக்கும் இடத்தில் மிச்சமிருக்கும் நேரத்தில் பிழைக்கின்றன. காட்டில் ஒரு பறவையை விரட்டிவிட்டால் அது இன்னொரு மரத்துக்குப் போகும். இங்கே சிமெண்டுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் நூறடி நாணல்தான் உண்டென்றால் அது எங்கே போகும்? நகரத்து ஆற்றில் படமெடுப்பவனுக்குக் காட்டில் எடுப்பவனைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ருவாக் ருவாக் என்று நாம் இங்கே சொல்லும் வெண்மார்புக் கானாங்கோழியிடமிருந்துதான் யாரும் தொடங்க வேண்டும். அது உடம்பால் பேசும். நிம்மதியாக மேயும்போது அதன் குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் அசையும், அடியிலுள்ள செம்பழுப்பு தெரிந்து மறையும். உங்களைக் கவனித்துவிட்டால் அசைவு வேகமாகும். பிறகு கழுத்து நீளும், ஒரு கால் தூக்கியபடி நிற்கும், உடம்பு மெல்ல நாணல் பக்கம் திரும்பும். ஓடுவது இதற்கெல்லாம் பிறகுதான். ஓடியபின் ‘அச்சச்சோ’ என்பவர்கள் அதற்கு முன்னால் வந்த நான்கு எச்சரிக்கையையும் படிக்காதவர்கள். வால் வேகம் கூடும்போதே நின்றுவிட வேண்டும். கழுத்து நீண்டால் பின்வாங்க வேண்டும், அதுவும் முதுகைக் காட்டித் திரும்பி நடந்து. பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்தால் கண் அதன்மேல்தான் இருக்கும்.

தோசிக்கொக்கு இதற்கு நேர்மாறு. பயந்தால் உறைந்துவிடும். சாம்பல் பச்சை உடம்பைக் குறுக்கிக்கொண்டு கல்லோடு கல்லாக நிற்கும். புதிதாக வருபவர் “ஆகா, எவ்வளவு பொறுமையாகப் படத்துக்கு நிற்கிறது” என்று நெருங்கிப் போவார். அது பொறுமை இல்லை. அது மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டது. உச்சிக்கொண்டை லேசாக எழுந்திருக்கிறதா, அலகு தண்ணீரை விட்டு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். நான் வந்தபின் அது தன் வேலையைத் தொடர்கிறதா என்பது ஒன்றுதான் எனக்கு அளவுகோல். பறந்துபோகவில்லை என்பது போதாது.

கானாங்கோழியின் அச்சத்துக்கு இந்த நாட்டில் வலுவான காரணம் உண்டு. அதன் குரலைப் போலவே ஓசை எழுப்பி, எல்லையைக் காக்க ஓடிவரும் பறவையை ராச்சிக் என்னும் வரிசைக் கண்ணியில் சிக்கவைப்பது மலாய்க் கிராமங்களின் பழைய வேட்டை முறை. இப்போது கைப்பேசியில் பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வெளியே இழுத்துப் படமெடுக்கிறார்கள். கண்ணி இல்லை என்பதைத் தவிர இரண்டும் ஒன்றே. எதிரி வந்துவிட்டான் என்று நம்பி வரும் பறவை இரையை விட்டு, சில வேளை குஞ்சுகளை விட்டு வருகிறது. இல்லாத எதிரியைத் தேடி அலைந்து களைக்கிறது. ஒலிபெருக்கியோடு வருபவரோடு நான் கரையில் உட்காருவதில்லை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். பறவைப் படக்கலையின் முன்னோடிகள். 1900 வாக்கில் ஒரு காளையின் தோலை வாங்கிச் சட்டத்தின்மேல் போர்த்தி, உள்ளே ஆள் குனிந்து நிற்கும்படி செய்து, தலைப்பக்கத் துளை வழியாகப் படமெடுத்தார்கள். வயலில் நிற்கும் மாட்டைப் பறவை பொருட்படுத்தாது என்பது அவர்கள் கணக்கு. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு பெரிய புத்தி இருக்கிறது: கண்ணுக்குப் படாமல் இருப்பதைவிடக் கண்ணுக்குப் பட்டும் பொருட்டாகாமல் இருப்பது நல்லது. நம் கரையில் காளை இல்லை. என்ன இருக்கிறது? நிறுத்திவைத்த பழைய பெரொடுவா கார் இருக்கிறது. தூண்டில்காரரின் மடக்கு நாற்காலி இருக்கிறது. இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். காரின் சன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து, லென்ஸை அதில் சாய்த்துக்கொண்டால் முக்காலி வேண்டாம். இறங்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. நாற்காலியென்றால் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே மங்கிய சட்டை. காட்டுப்பச்சைப் புள்ளிச் சட்டையெல்லாம் இங்கே வேலைக்காகாது. அதைப் போட்டுக்கொண்டு பிளாட் வாசலில் நடந்தால் பிள்ளைகள் பின்னால் வந்துவிடுவார்கள், பறவைக்கு ஒரு ஆளுக்குப் பதில் பத்து ஆள்.

வெளிச்சம் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். விலங்கு வந்தபின் நாம் போனால் நாம் அதன் இடத்துக்குள் நுழைகிறோம். நாம் இருக்கையில் அது வந்தால், எவ்வளவு அருகில் வரலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. ஏழேகால் வாக்கில் உதித்தால் ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் தண்ணீரில் வெள்ளையாகத் தெறிக்கும். பறவையின் வயிறு கறுத்து, முதுகு வெளுத்துவிடும். நல்ல வெளிச்சம் என்பது ஒன்றரை மணி நேரம், மழைமேகம் உதவினால் இரண்டு. அந்த நேரத்துக்குள் எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்னும் அவசரம்தான் நாம் செய்யும் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர். விடியலின் மங்கலில் ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்றிக்கொண்டு, நொடியில் 250-இல் ஒரு பங்கு ஷட்டரில், பறவை அசையாத கணத்துக்குக் காத்திருந்து எடுக்கலாம். கொஞ்சம் மணல் மணலாக வரும். வரட்டும். பிளாஷ் போட்டுத் துலக்கமாக எடுப்பதைவிட அது மேல். இருட்டில் விரியும் வக்காவின் கண்ணிலும், மீன்தின்னும் ஆந்தையின் கண்ணிலும் பிளாஷ் அடிப்பவர்கள், அதற்குப் பிறகு அந்தக் கண் எதைப் பார்க்கும் என்று யோசிக்க வேண்டும்.

கேமராவிலேயே சில காரியங்கள் உண்டு. போகஸ் விழுந்ததும் வரும் பீப் ஒலியை நிறுத்துங்கள். போகஸுக்கு உதவ எரியும் சிறு செவ்விளக்கை அணையுங்கள். எடுத்த படத்தைக் காட்டும் பின்திரையையும் அணைத்துவிடுங்கள். அரையிருட்டில் அது உங்கள் முகத்தை விளக்குப் போட்டுக் காட்டுகிறது. கண்ணாடியில்லாத புதுக் கேமராக்களில் ஓசையே வராத மின்னணு ஷட்டர் இருக்கிறது. அமர்ந்திருக்கும் பறவைக்கு அது வரப்பிரசாதம். வேகமாக அடிக்கும் சிறகைச் சில கேமராக்களில் அது வளைத்துக் காட்டும் என்பதால் பறக்கும்போது எடுக்க யோசிப்பேன். அப்படியும் ஓசையோடு எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ரயில் போகும்போது எடுக்கலாம். இந்தக் கரையில் வாழ்பவனுக்குக் கிடைத்த வசதி அது.

மீன்கொத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் எடுக்க ஆசைப்படும் பறவை அது; அதிகம் துன்பப்படும் பறவையும் அதுதான். வெண்மார்பு மீன்கொத்தி மண்கரையில் கிடையாக வளை தோண்டி முட்டையிடும். சிமெண்டில் தோண்ட முடியாது. ஆகவே ஆற்றின் ஒரு வளைவில் பூசப்படாத மண்சுவர் கொஞ்சம் மிச்சமிருந்தால், சுற்றுவட்டார மீன்கொத்திகளுக்கு அதுவே எல்லாம். அந்த வளைக்கு எதிரில் முக்காலி வைத்தால் படம் நிச்சயம், அதனால்தான் அங்கே வைக்கக் கூடாது. தெரியாமல் நீங்கள் வளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதையும் பறவையே சொல்லும். மீன்கொத்தி தான் தின்பதற்கென்றால் மீனின் தலை தன் தொண்டைப் பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொள்ளும், செதிலும் முள்ளும் குத்தாமல் இறங்க. துணைக்கோ குஞ்சுக்கோ ஊட்டுவதற்கென்றால் மீனின் தலை அலகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படித் தலை வெளியே நீட்டிய மீனோடு ஒரு மீன்கொத்தி கிளையிலேயே உட்கார்ந்துகொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, போகாமல் இருந்தால், அது உங்களுக்குப் படம் கொடுக்கவில்லை. வளை எங்கோ அருகில் இருக்கிறது, நீங்கள் வழியில் இருக்கிறீர்கள், உள்ளே குஞ்சு பசியோடு இருக்கிறது. கேமராவைத் தூக்காமல் எழுந்து போய்விடுங்கள். மீனோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் படங்கள்தாம் போட்டிகளில் பரிசு வாங்குகின்றன என்பது எனக்கு வருத்தம்.

பியாவாக் கூச்சமற்றது என்பார்கள். உணவுக்கடைப் பின்புறத்துக் கோழி எலும்பைத் தின்று கொழுத்தது கூச்சப்படாதுதான். ஆற்றில் வாழ்வது அப்படியில்லை. காலையில் அது கல்மேல் கிடப்பது ஓய்வு அல்ல; இரவில் குளிர்ந்த உடம்பை வெயிலில் ஏற்றிக்கொண்டால்தான் அதனால் இரை தேட முடியும், தின்றது செரிக்கும். நெருங்கிப் போய் அதைத் தண்ணீரில் குதிக்கவைத்தால் அதுவரை சேர்த்த சூடு ஆற்றோடு போகிறது.

நீர்நாய் வேறு கதை. இங்கே நாம் பார்ப்பது வழவழப்பான குட்டை மயிர் கொண்ட பெரிய வகை. வளர்ந்தது ஏழு முதல் பதினொரு கிலோ இருக்கும், குடும்பமாகத் திரியும். நம் பழம்பாட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களிலும் குறுந்தொகையிலும் நீர்நாய் வாளை மீனை அன்றைய இரையாகப் பிடிக்கிறது. எந்த மீன், எந்த நீர், உடம்பில் என்ன வாடை என்பது வரை சொல்கிறார்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த யாரோ பார்த்தது அது.

நீர்நாயைத் தேடிப் போக முடியாது. அது வரும் இடத்தை அறிந்து காத்திருக்கலாம். மணல்திட்டில், பாலத்தின் அடியில், கிளை ஆறு சேரும் முனையில் அவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழித்து வைக்கும். செதிலும் முள்ளுமாக, மீன் நாற்றத்தோடு இருக்கும். அது கழிப்பிடம் மட்டுமல்ல, குடும்பத்தின் அறிவிப்புப் பலகையும்கூட. எனவே அதைக் கண்டுபிடித்ததும் செய்ய வேண்டியது அங்கிருந்து விலகி, எதிர்க்கரைக்குப் போவது. நடுவில் ஆறு இருக்கும்வரை நீர்நாய் நம்மைப் பொறுத்துக்கொள்கிறது. அது நீந்தும் திசைக்குக் குறுக்கே நம் மணம் போகக் கூடாது என்பதால் காற்றும் பார்க்க வேண்டும். காலையில் காற்று மெலிது, ஒரு சிட்டிகை முகப்பவுடர் தூவினால் திசை தெரியும். வந்தபின் தலையை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தி, கழுத்தை நீட்டி, நம் பக்கம் பார்த்து மூச்சைச் சீறி விட்டால் அது எச்சரிக்கை. குடும்பம் முழுக்க ஒரே நேரத்தில் தலை தூக்கினால் படம் அற்புதமாக இருக்கும். அந்தப் படத்தை நான் எடுப்பதில்லை. கேமராவை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவை மறுபடி மீன்பிடிக்கத் திரும்பிவிடும். குட்டி இருக்கும் பொந்துப் பக்கம் நாம் இருந்தால் மட்டும் திரும்பாது. தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும், மாறிய இடம் பழையதைப் போலப் பத்திரமாக இருக்குமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இடத்தைச் சொல்லாமல் இருப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதிதான். நீர்நாய்க்குட்டியை வீட்டில் வளர்க்கும் மோகத்தால் தென்கிழக்காசியாவில் கடத்தல் பெருகி, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு 2019-இல் ஜெனீவாவில் கூடி, இந்த வகையையும் சிறுநக நீர்நாயையும் பன்னாட்டு வணிகமே கூடாத முதல் பட்டியலுக்கு மாற்றியது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இருந்தாலும் கடத்துபவனுக்கு வழிகாட்டுவது நாம் போடும் படமாக இருக்கக் கூடாது. கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்திருக்கும். அனுப்புமுன் அவற்றை நீக்கிவிட வேண்டும். பின்னணியில் பாலமோ பிளாட்டின் எண்ணோ தெரிந்தால் வெட்டிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் நான் சொன்ன ஊர்ப்பெயர்களை வைத்தும் யாரும் ஒரு பொந்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கோலாலம்பூரில் 1915-இல் பிறந்த லோக் வான் தோ என்பவரை இங்கே நினைக்கிறேன். கேத்தே திரையரங்குகளின் அதிபராகத்தான் பலருக்குத் தெரியும். ஆனால் மனிதர் பறவைப் படக்காரர். சாலிம் அலியோடு இந்தியாவில் அலைந்து படமெடுத்தார், 1957-இல் பறவைப் படங்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவர் காலத்தில் கூட்டுக்கு அருகே மறைவிடம் கட்டி உட்காருவதுதான் முறை. லென்ஸின் நீளம் அவ்வளவுதான், பிலிமின் வேகம் அவ்வளவுதான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 600 மில்லிமீட்டர் லென்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு, அவர்கள் நின்ற தொலைவிலேயே இன்றும் போய் நிற்பவருக்கு என்ன சாக்கு இருக்கிறது?

மா. கிருஷ்ணனை என் ஆசானாகக் கருதுகிறேன், நேரில் பார்த்ததில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். தானே பகுதிகளை இணைத்துக்கொண்ட கேமராவோடு, கறுப்பு வெள்ளையில் மட்டும் காட்டு விலங்குகளை எடுத்தார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் கிடைக்கின்றன. படம் எடுக்க வருபவர்களிடம் முதலில் அதைப் படிக்கச் சொல்கிறேன். ஓர் அணிலையும் காக்கையையும் பற்றி எழுதும்போதுகூட அவர் விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதில் குறியாக இருப்பார். பார்ப்பவர் அதற்குள் தலை நீட்ட மாட்டார். லென்ஸ் வாங்கும் காசைவிட அந்தப் பழக்கம் அரிது.

சிறுநீல மீன்கொத்தி செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து இந்தப் பக்கம் வரத் தொடங்கும், ஏப்ரல் வரை இருக்கும். வெகுதூரம் பறந்து வந்து, கரையில் எந்தக் கிளை பாதுகாப்பானது, எந்த உருவத்துக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதை முதல் சில நாட்களில் முடிவு செய்துகொள்ளும் என்று என் அனுபவம் சொல்கிறது. அந்த நாட்களில் புதிதாக ஒருவன் வந்து நின்றால் அந்தக் கிளை அதற்கு அந்தப் பருவம் முழுவதும் ஆகாத கிளை. அதனால் ஆகஸ்டு பாதியிலேயே நாற்காலியை அங்கே போட்டுவிடுகிறேன், கேமரா இல்லாமல். தூண்டில்கார அண்ணனும் பக்கத்தில் இருப்பார்.